ஓய்வுக்குப் பின் அரை ஷிப்ட்: திருப்பூர் வட்டாரத்தில் முதியோரும் பகுதிநேர வேலையும்

திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. தமிழக அரசு ஊழியருக்கு 2020 வரை 58 ஆக இருந்தது, 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. வங்கி ஊழியருக்கும் 60. பனியன் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் ஸ்டாஃபுக்கு 58தான் கணக்கு, ஏனென்றால் பிஎஃப் பென்ஷன் அந்த வயதில் தொடங்குகிறது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்குத் தேதியே கிடையாது. ஓவர்லாக் ஊசியில் நூல் கோக்கக் கண் தடுமாறும் நாளில், அல்லது முட்டி மடங்க மறுக்கும் நாளில் அவருக்கு ஓய்வு வந்துவிடுகிறது. பலருக்கு அது 50க்கு முன்பே. கம்பெனி முதலாளிக்கோ ஓய்வே இல்லை. மகன் பொறுப்பேற்ற பிறகும் காலையில் வந்து ஆபீஸ் அறையில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்.

ஆகவே, ஓய்வுக்குப் பின் மனத்துக்குப் பிடித்த பகுதிநேர வேலை எது என்ற கேள்விக்கு இந்த ஊரில் ஆளுக்கொரு விடை உண்டு. எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரு பொதுச் செய்தியும் இருக்கிறது. இங்கே முதியவருக்கு வேலை கிடைப்பது பெரிய பாடில்லை. எத்தனை மணிக்கு வருவது, எப்போது கிளம்புவது என்பதைத் தானே முடிவு செய்யும் வேலை கிடைப்பதுதான் பெரும்பாடு.

கேள்வி இப்போது அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்றும், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் அரசுக் கணிப்புகள் சொல்கின்றன. திருப்பூர் வாலிபர்கள் கட்டிய ஊர். 1980களில் ஏற்றுமதி சூடுபிடித்தபோது மதுரை, திண்டுக்கல், தேனி, தஞ்சை, நெல்லைப் பக்கங்களிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்களுக்கு அன்று இருபது வயது இருக்கும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கியது 1990இல். அந்த ஆண்டில் டெய்லருக்குத் துணை நிற்கும் கைமடி வேலைக்கு வந்து சேர்ந்த பையன் இன்று ஐம்பதுகளின் நடுவில் நிற்கிறான். ஊரின் முதல் பெரிய உழைப்பாளித் தலைமுறை இப்போதுதான் மூப்படைகிறது. அதற்கு முன்மாதிரி எதுவும் இந்த ஊரில் இல்லை.

ஊரின் வேலைநேரமும் முதுமைக்கு ஏற்றதாக அமையவில்லை. காலை 8.30க்குத் தொடங்கி மாலை வரை ஒரு ஷிப்ட்; அதற்கு மேல் இரவு வரை நீண்டால் ஒன்றரை. ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் என்பது விருப்பமாக இருப்பதில்லை. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தையல் லைன் முறையில் நடக்கிறது. ஒருவர் தோள் சேர்ப்பார், அடுத்தவர் கழுத்துப் பட்டி வைப்பார், இன்னொருவர் கை ஏற்றுவார், கடைசியில் ஒருவர் பிளாட்லாக்கில் அடி மடிப்பார். நடுவில் ஒருவர் மத்தியானம் எழுந்து போனால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் பீஸ் வராமல் கைகட்டி உட்கார வேண்டியதுதான். பாதி நாள் வருகிறேன் என்று சொல்லும் 60 வயது டெய்லரின் திறமையில் சூப்பர்வைசருக்கு ஐயம் இல்லை. அவரை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதே சிக்கல். லைனுக்கு வெளியே நடக்கும் வேலைகளில் மட்டும்தான் அரை ஷிப்டுக்கு இடம் உண்டு.

பணத்தேவை எவ்வளவு என்பதைப் பொறுத்தே வேலையின் சுவை அமைகிறது. பிஎஃப் பென்ஷனின் கணக்கு எளிது: பென்ஷனுக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு 2014 செப்டம்பர் முதல் உச்சவரம்பு 15,000 ரூபாய். இருபது ஆண்டு முடித்தவருக்கு இரண்டு ஆண்டு சேர்த்துக் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தாலும் 15,000 வரம்பில் இருபது ஆண்டு உழைத்த ஒரு கணக்குப்பிள்ளைக்கு மாதம் 4,714 ரூபாய்தான் வரும். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய், அதுவும் பத்தாண்டுப் பணி இருந்தால். கம்பெனி விட்டுக் கம்பெனி மாறியே காலம் கழித்த டெய்லர்களில் பலருக்கு இந்தப் பத்தாண்டு ஒரே கணக்கில் சேர்ந்திருக்காது. அரசின் முதியோர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். ஓய்வு பெற்ற ஆசிரியர் நூலகத்தில் இரண்டு மணி நேரம் செலவிடுவதும், ஓய்வு பெற்ற டெய்லர் இரவுக் காவலுக்குப் போவதும் ஒரே தலைப்பின் கீழ் வந்தாலும், இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மிக எளிதாகக் கிடைப்பது வீட்டுக்கு வரும் வேலை. தெருவுக்குள் எக்ஸ்எல் மொபெட்டில் மூட்டை வந்து இறங்கும். உள்ளே டஜன் கணக்கில் கட்டிய ஜட்டி, பனியன், குழந்தைகள் உடுப்பு. தையல் முடிந்த ஒவ்வொரு பீஸிலும் நூல் வால் தொங்கிக்கொண்டிருக்கும். அதை வெட்டுவதுதான் பிசிறு வெட்டும் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் டிரிம்மரைப் பிடித்துக்கொண்டு கழுத்து, தோள், கை, பக்கவாட்டு, அடிமடிப்பு என்று பீஸைத் திருப்பித் திருப்பி வெட்ட வேண்டும். மிக ஒட்ட வெட்டினால் தையல் பிரியும். துணியில் முனை பட்டால் ஓட்டை விழுந்து பீஸ் டேமேஜில் சேரும், கூலியிலும் கழியும். திண்ணையில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சும் வேலையும் ஒன்றாக நடக்கும். சமையலுக்கு எழுந்து போகலாம், பேரன் பள்ளி விட்டு வரும் நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

நேரம் கையில் இருப்பதால் இதை விரும்பிச் செய்பவர்கள் நிறையப் பேர். ஆனால் கூலி அவர்கள் கையில் இல்லை. டஜனுக்கு இவ்வளவு என்று கொண்டுவருபவர் சொல்வதுதான் விலை. எதிர்த்துப் பேசினால் மூட்டை அடுத்த தெருவுக்குப் போய்விடும். வெளிநாட்டு வாங்குநர்களின் தணிக்கை விதிகள் துணி கம்பெனிச் சுவருக்கு வெளியே போவதைத் தடுப்பதால், வீட்டுக்கு வருவது பெரும்பாலும் உள்நாட்டுச் சரக்கு. அதில் லாபம் குறைவு, கூலியும் அதற்கேற்பக் குறைவு. இந்த வேலையைச் செய்வோரில் தகுதியுள்ளவர்கள் தமிழ்நாடு தையல் தொழிலாளர் நலவாரியத்தில் 60 வயதுக்கு முன்பே பதிவு செய்துகொண்டால் பின்னால் ஓய்வூதியத்துக்கு வழி உண்டு. இந்தத் தெருக்களில் அது இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

ஆண்களுக்கு எளிதில் கிடைப்பது செக்யூரிட்டி வேலை. கம்பெனி கேட், அபார்ட்மெண்ட், ஏடிஎம், கல்யாண மண்டபம் என எங்கும் ஆள் தேவை. உட்கார்ந்த வேலை என்ற பெயரும் அதற்கு உண்டு. நடைமுறையில் அது 12 மணி நேர வேலை, பல இடங்களில் வார விடுமுறை கிடையாது. உள்ளே வரும் லாரியின் எண்ணை நோட்டில் எழுதுவதும், ஷிப்ட் விடும்போது பைகளைச் சோதிப்பதும் தவிர அதில் பழைய அனுபவத்துக்கு வேலை இல்லை. பகுதிநேரம் என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. ஓய்வுக்குப் பின் வேலை என்றதும் முதலில் நினைவுக்கு வருகிற இதை, வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி வேலையாக வைப்பதே உடம்புக்கு நல்லது.

கைத்தொழில் தெரிந்தவர்களின் நிலை வேறு. கட்டிங் மாஸ்டர், பேட்டர்ன் மாஸ்டர், நிட்டிங் ஃபிட்டர், டையிங் மாஸ்டர் ஆகியோருக்கு வயது ஏறினாலும் மதிப்பு இறங்குவதில்லை. ஐந்தாறு மெஷினோடு நடக்கும் பவர் டேபிள் யூனிட்டுகளுக்கு முழுநேரக் கட்டிங் மாஸ்டரை வைத்துக் கட்டுப்படியாகாது. வாரத்தில் இரண்டு லாட் வரும்போது ஒருவர் வந்து மார்க்கர் போட்டு, துணி அடுக்கி, வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். இப்படி இரண்டு மூன்று யூனிட்டுக்குப் போய்வரும் 60 வயது மாஸ்டர் ஒரு லாட்டில் எத்தனை கிலோ துணியை மிச்சப்படுத்துகிறார் என்பதில் அவருடைய கூலியும் கௌரவமும் அடங்கியிருக்கின்றன. நிட்டிங் ஃபிட்டரும் அப்படித்தான். வட்டப் பின்னல் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த ஊசி முறிந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஜிஎஸ்எம் எனும் எடை அளவு சரியாக வராத துணிக்கு லூப் நீளத்தை எவ்வளவு மாற்றுவது என்ற கணக்கு அவர்கள் தலையில் இருக்கிறது. ஃபோன் வந்தால் போவது, வராத நாளில் வீட்டில் இருப்பது என்பதே அவர்களின் ஏற்பாடு.

டையிங் மாஸ்டருக்கு மட்டும் ஒரு தடை உண்டு. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளிப்பதால் நீல நிறச் சாயல்களைப் பிரித்தறியும் திறன் குறையும். ஷேட் பொருத்தும் வேலையில் அது நேரடியாகப் பாதிக்கும். கண்புரை அறுவைக்குப் பின் பலருக்கு நிறங்கள் மீண்டும் தெளிவாகத் தெரியும். இல்லாவிட்டால் ரெசிப்பி எழுதுவதையும், பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பதையும் வைத்துக்கொண்டு, ஷேட் பார்ப்பதை இளங்கண்களிடம் விட்டுவிடுவதே சரி. 2011இல் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டு, கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறிய காலத்தை நேரில் பார்த்த மாஸ்டர்களுக்கு, சுத்திகரிப்பு நிலையங்களின் மேற்பார்வையிலும் இடம் உண்டு. முதலிப்பாளையத்தில் இயங்கும் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி போன்ற கற்பிக்கும் இடங்களுக்கும் இத்தகைய கையறிவு பொருந்தும். சான்றிதழ் இல்லாத மாஸ்டரை வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது நிர்வாகங்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

கணக்கு எழுதுபவர்களுக்கும் வங்கியில் இருந்தவர்களுக்கும் கிடைப்பதுதான் பகுதிநேர வேலை என்ற பெயருக்கு உண்மையில் பொருந்துவது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, அதில் பதிவு செய்த சிறு யூனிட்டுகளுக்கும் தவறாமல் கணக்குத் தாக்கல் செய்வது கட்டாயமாயிற்று. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20ஆம் தேதிக்குள்ளும் கொடுக்க வேண்டும். நூல் வாங்கி, நிட்டிங்குக்குக் கொடுத்து, டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஆறு இடங்களுக்குச் சரக்கு ஜாப் ஒர்க்குக்குப் போய்வரும் ஊர் இது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் டெலிவரி சலான் வேண்டும். எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ வந்தது, வேஸ்ட் எவ்வளவு என்ற கணக்கை ஒத்துப்பார்க்கப் பொறுமையான ஆள் வேண்டும். மாத முதல் இருபது நாள் காலைநேரத்தில் வேலை, கடைசிப் பத்து நாள் சொந்த வேலை என்று இது இயல்பாகவே பிரிந்துகொள்கிறது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளுக்கு ஏற்றுமதி ஆவணங்கள், பேக்கிங் கிரெடிட், டியூட்டி டிராபேக் ஆகியவை கைவந்த கலை. வங்கிகளே தம் கிளைகளின் உடன்நிகழ் தணிக்கைக்கு ஓய்வு பெற்ற அதிகாரிகளை எடுப்பதும் உண்டு. கம்ப்யூட்டரில் டேலி ஓட்டத் தெரியாதவர்கள் ஓய்வுக்கு முந்தைய ஆண்டிலேயே கற்றுக்கொள்வது நல்லது. பிறகு கற்கலாம் என்று தள்ளினால் தள்ளிக்கொண்டே போகும்.

ஆசிரியர்களுக்கு டியூஷன் எப்போதும் உண்டு. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பக்கங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் பள்ளிகளில் சேர்ந்திருப்பதால், தமிழ் எழுத்தே தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அகரம் கற்பிக்கும் தேவையும் வந்திருக்கிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைதான். பென்ஷன் வாங்குபவருக்கு அது போக்குவரத்துச் செலவு, மற்றவருக்கு அது கட்டுப்படியாகாது. ஊதியமே இல்லாத வேலைகளும் ஊரில் நிறைய உண்டு. 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரநடும் இயக்கம், ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழா, நூலக வாசகர் வட்டங்கள், கோயில் திருப்பணி எல்லாவற்றுக்கும் காலைநேரம் கொடுக்கக்கூடியவர்கள் வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓய்வுக்குப் பின் ஒரு வேலையில் நிலைப்பவர்கள் அநேகமாக அதை முன்பே தொட்டவர்கள். திருப்பூர் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் தொலைத்தொடர்புத் துறையில் இருந்த காலத்திலேயே ‘கனவு’ இதழை நடத்தினார். சாயக்கழிவைப் பற்றிய ‘சாயத்திரை’ நாவலும் வேலையில் இருந்தபோது எழுதியதே. அறுபதாம் வயதில் புதிதாக ஓர் ஆர்வத்தைக் கண்டுபிடிப்போம் என்று காத்திருப்பவர்களுக்கு டிவிதான் மிஞ்சுகிறது.

காங்கயம், பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளிப் பக்கங்களில் தோட்டம் உள்ளவர்கள் திரும்பிப் போவது விவசாயத்துக்கு. உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவருபவரின் வேலை விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். அரை நாள் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மாடு வைத்தால் கதை மாறும். பால் பீய்ச்சும் நேரம் காலை மாலை இரண்டு வேளையும் ஆளைக் கட்டிப்போடும், ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போகவும் மாற்று ஆள் தேட வேண்டும். காதர்பேட்டையில் சிறு குறையுள்ள செகண்ட்ஸ் சரக்கை எடுத்து விற்பவர்களும் உண்டு. பேரம் பேசுவதில் ருசி கண்டவர்களுக்கு அது பொழுதுபோக்கும் வருமானமும் ஆகும். ஆனால் பிஎஃப் பணத்தை மொத்தமாகச் சரக்கில் போட்டால், சீசன் தவறும்போது குடோனில் கிடப்பது அந்தப் பணம்தான்.

பெண்களுக்கு ஓய்வு என்ற சொல்லே பாதிதான் பொருந்துகிறது. கம்பெனிக்குப் போவதை நிறுத்திய மறுநாளே பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முழுநேரப் பொறுப்பு வந்துவிடுகிறது, ஏனென்றால் மகளும் மருமகளும் கம்பெனிக்குப் போகிறார்கள். அம்மாச்சிக்கு இதற்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. திருப்பூரின் இன்றைய உற்பத்தியில் கணிசமான பங்கு இந்தப் பாட்டிகளின் உழைப்பின் மேல் நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. இவர்களில் சிலர் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறார்கள். தனியாகத் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளராகப் பதிவு செய்ய ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான்.

முதியோருக்கு அளவான வேலை தருவதற்கு வெளியுலகில் ஏற்பாடுகள் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 1975இல் டோக்கியோவில் தொடங்கி, 1986இல் சட்டத்தின் பின்பலம் பெற்ற முதியோர் மனிதவள மையங்கள் 60 வயது கடந்தவர்களை உறுப்பினராகச் சேர்த்து, மாதம் ஏறத்தாழ பத்து நாள் அல்லது வாரம் இருபது மணி நேரம் என்ற அளவுக்குள் வேலை பங்கிட்டுத் தருகின்றன. பூங்கா துப்புரவு, மரக்கிளை கழித்தல், உறைகளில் முகவரி எழுதுதல் போன்றவை. ஒரே ஆள் நிறைய எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அங்கே விதி. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வீட்டா நீடில் என்ற ஊசி ஆலையில் தொழிலாளர்களின் சராசரி வயது எழுபதைத் தாண்டியது. பகுதிநேர வேலை, வசதிப்பட்ட நேரம். அதை ஆராய்ந்து 2012இல் நூல் எழுதிய மானுடவியலாளர் கெய்ட்ரின் லிஞ்ச், தொழிலாளர்களுக்கு அரசு ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் ஏற்கெனவே இருப்பதால் முதலாளிக்கும் அது ஆதாயம் என்பதையும் சேர்த்தே காட்டுகிறார். அந்தக் காப்பு இல்லாத திருப்பூரில் அதே ஏற்பாடு அப்படியே எடுபடாது. கூலியும் சேர்ந்து உயர வேண்டும்.

ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ நிறுவனம் 2007இல் டிங்கோல்ஃபிங் ஆலையில் செய்த சோதனை இங்கே இன்னும் நெருக்கமானது. மூத்த தொழிலாளர்கள் கூடுதலாக உள்ள ஒரு லைனில் மரத் தரை, உயரம் மாற்றும் மேசை, உருப்பெருக்கிக் கண்ணாடி, இடையிடையே உட்கார நாற்காலி என்று சிறு சிறு மாற்றங்கள் செய்தார்கள். செலவு சொற்பம், உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. திருப்பூரின் செக்கிங் டேபிளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஷேட் வித்தியாசம் ஆகியவற்றைப் பார்ப்பது அனுபவசாலிக்கு எளிது. தடையாக இருப்பவை கண்ணும் நாள் முழுக்க நிற்பதும்தான். லென்ஸ் பொருத்திய விளக்கும் உயரமான ஸ்டூலும் வாங்கிப் போட்டால், காலை நான்கு மணி நேரம் ஒருவர், மாலை நான்கு மணி நேரம் ஒருவர் என்று ஒரு ஷிப்டை இருவர் பகிரலாம். செக்கிங் லைனைச் சார்ந்த வேலையாக இருந்தாலும், பீஸ் குவிந்து கிடக்கும் மேசை என்பதால் ஆள் மாறுவதால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. சாம்பிள் அறையும் இப்படித்தான். சில கம்பெனிகளாவது முயன்று பார்க்கத்தக்க வழி இது.

இத்தகைய வேலைகளைத் தேடும் வழி இன்றும் பழக்கம்தான். பழைய சூப்பர்வைசர், நூல் கடைக்காரர், டீக்கடை, சங்க அலுவலகம் இவற்றின் வழியாகவே ஆள் சொல்லி ஆள் சேர்கிறார். தனியார் வேலைவாய்ப்பு முகாம்களின் அறிவிப்புகள் இளையவர்களை நோக்கியவை. மூத்த குடிமக்களின் மறுவேலைக்காக மத்திய சமூகநீதி அமைச்சகம் 2021 அக்டோபரில் ‘சேக்ரட்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. மூத்தோர் உதவி எண் 14567. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளில் முன்பணம் கேட்டால் அது வேலையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ஆர்டர் குறையும் காலத்தில், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததுபோன்ற நேரங்களில், முதலில் நின்றுபோவது எழுத்தில் இல்லாத அரை நாள் ஏற்பாடுகளே. நேரம், நாள், கூலி, சனிக்கிழமைச் சம்பளப் பட்டுவாடா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது பழக்கத்துக்கு இழுக்கு அல்ல.

மறுபடி வேலைக்குச் சேர்பவர் காப்பீட்டு விதிகளையும் தெரிந்திருக்க வேண்டும். இஎஸ்ஐக்கு வயது வரம்பு கிடையாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் திட்டத்துக்குள் வந்தால், 65 வயதிலும் பதிவு உண்டு. வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தவரும், ஐந்தாண்டாவது காப்பீட்டில் இருந்து ஓய்வு வயதில் விலகியிருந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் வாழ்க்கைத்துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். பிஎஃப் பென்ஷன் வாங்கிக்கொண்டு மீண்டும் சேர்பவருக்கு பென்ஷன் நிதிக்குப் பிடித்தம் கிடையாது. முதலாளியின் பங்கு முழுவதும் பிஎஃப் கணக்குக்கே போகும். பென்ஷன் தொடர ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பல்லாண்டு உழைப்பில் ரேகை தேய்ந்த கைகளைக் கைரேகைக் கருவி ஏற்க மறுத்தால், கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதைப் பதிவு செய்யும் வசதி இப்போது இருக்கிறது.